கருப்பையில் பொலிப், எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கேட்டுக்கொண்டு போக வேண்டும்?

உப்புவெளிப் பெண்:
எனக்கு 43 வயது. சில மாதங்களாக மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் போனதும் திரும்பவும் இரத்தம் படுகிறது. ஸ்கேனில் கருப்பையின் உட்சுவரில் 14 மில்லிமீற்றர் அளவில் ஒரு பொலிப், அதாவது சிறிய சதை வளர்ச்சி, தெரிகிறது என்றார் வைத்திய நிபுணர். அடுத்த மாதம் கமெரா விட்டு எடுப்பதாகக் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார். அன்று கிளினிக்கில் நல்ல கூட்டம். வெளியே வந்த பிறகுதான் கேள்விகளெல்லாம் நினைவுக்கு வந்தன. "இப்படித்தான் தொடங்குவார்கள், பிறகு கருப்பையையே எடுத்துவிடுவார்கள்" என்று மாமி சொல்கிறார். வயிற்றை வெட்டுவார்களா? புற்றுநோயாக இருக்குமா? நிலாவெளியில் தையற்கடையில் வேலை. எவ்வளவு நாள் லீவு கேட்பது?

கிண்ணியா வாசகி:
எனக்கும் செய்தார்கள் அக்கா. காலையில் போனேன், பின்னேரம் பாலம் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மாதவிடாயின் முதல் நாள் போல அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பரசிற்றமோல் போதுமாக இருந்தது. பாட் கூடுதலாகக் கொண்டுபோங்கள். உள்ளே விடும் சேலைன் பிறகு இரத்தத்தோடு கலந்து வழிகிறது. இதை யாரும் முன்பே சொல்லாததால் நான் மிகவும் பயந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தாதி, திருகோணமலை நகர்:
தங்கச்சி, பல வருடம் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். வயிற்றில் கத்தி படாது. கருப்பை வாய் வழியாக மெல்லிய கமெராக் குழாயைச் செலுத்தி, சேலைன் விட்டுக் கருப்பையை விரித்து, பொலிப்பைக் கண்ணால் பார்த்தே அடியோடு வெட்டி எடுப்பார்கள். கருப்பை அப்படியே இருக்கும். மாமிக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் காலத்தில் கருப்பையை எடுத்த பெண்களைப் பார்த்த பயம் அது.

கமெரா என்று எழுதியிருப்பது நல்லது. பார்க்காமல் சுரண்டி எடுக்கும் பழைய முறையில் பொலிப் தப்பிவிடுவதும், பாதி உள்ளே நின்றுவிடுவதும் உண்டு. அந்த முறையைத்தான் "கழுவுவது" என்பார்கள். யாராவது "கழுவிவிடுவோம்" என்றால், கமெராவில் பார்த்துத்தான் எடுப்பீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

பொலிப்புகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதை ஸ்கேன் உறுதியாகச் சொல்லாது, கருப்பை வாயில் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையும் சொல்லாது. எடுத்த சதையை ஆய்வுகூடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். என் மனத்தை அறுத்த விடயம் இதுதான்: இரத்தம் நின்று உடம்பு தேறியதும் அந்த அறிக்கையை எடுக்க வராமல் இருந்துவிடுகிற பெண்கள். அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே எங்கே, எப்போது எடுப்பது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அறிக்கையை வைத்தியர் வாசித்துச் சொல்லும்வரை சிகிச்சை முடியவில்லை.

முழு மயக்கமா, முள்ளந்தண்டில் ஊசியா, அந்த இடத்தை மட்டும் விறைக்க வைப்பதா என்று கேளுங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடாமல் இருப்பது என்பது அதைப் பொறுத்தது. பிரஷர், சீனிக் குளிசைகள், அஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து, ஒவ்வாமை, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், எதையும் மறைக்க வேண்டாம். குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

லீவு ஓரிரு நாள் போதும், மயக்கம் தந்தால் அன்று துணைக்கு ஒருவர் வேண்டும். இலேசான இரத்தப்போக்கு இரண்டு வாரம்வரை இருக்கலாம். கருப்பையில் துளை விழுவதும் தொற்றும் அரிது, ஆனாலும் காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, மணிக்கொரு பாட் நனையும் இரத்தம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

மூதூரிலிருந்து:
அம்மாவுக்கு 62 வயது. மாதவிடாய் நின்று பல வருடம். இப்போது சிறிது இரத்தம் பட்டிருக்கிறது, "சூடு" என்று கசாயம் குடிக்கிறார். இதுவும் பொலிப்பாக இருக்குமா?

ஓய்வுபெற்ற தாதி, திருகோணமலை நகர்:
இருக்கலாம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தியே ஆக வேண்டும். கசாயத்தால் நாள் கடத்த வேண்டாம், மகளே, இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிஃபென் குடித்தவரென்றால் அதையும் சொல்லுங்கள், அந்த மருந்து கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும்.

உப்புவெளிப் பெண்:
நன்றி அக்கா. இன்னும் இரண்டு. குறித்த திகதியில் மாதவிடாய் வந்துவிட்டால்? எடுத்த பிறகு கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் குளிக்கலாமா? மாமி நேர்த்தி வைத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி, திருகோணமலை நகர்:
வந்தால் வார்டுக்கு அறிவியுங்கள், திகதியை மாற்றித் தருவார்கள். மாதவிடாய் முடிந்த கையோடு உட்சுவர் மெல்லியதாக இருக்கும், பொலிப் தெளிவாகத் தெரியும். கன்னியாவில் வாளியால் அள்ளித்தான் குளிக்கிறோம், தண்ணீரில் இறங்கி மூழ்குவது போல அல்ல. ஆனாலும் இரத்தம் முற்றாக நிற்கட்டும். கடலில் இறங்குவதும் தாம்பத்தியமும் அதுவரை வேண்டாம். பொலிப் மறுபடி வளரக்கூடியது, ஆகவே பிறகு எப்போதாவது இடையில் இரத்தம் பட்டால் அதே கொப்பியைக் கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.