ஒபாமாவின் 'கசப்பு' பேச்சு பென்சில்வேனியாவில் வாக்கைக் குறைத்ததா?

வடகரை:
2008 ஏப்ரல் 6, சான் பிரான்சிஸ்கோவில் நிதி திரட்டும் கூட்டம். பென்சில்வேனியாவின் சிற்றூர்களில் வேலைகள் போய் 25 வருடமாகிறது, பதிலுக்கு எதுவும் வரவில்லை, அதனால் மக்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையோ மதத்தையோ தங்களைப்போல் இல்லாதவர்மீதான வெறுப்பையோ பிடித்துக்கொள்கிறார்கள் என்றார் ஒபாமா. 11ஆம் தேதி ஹஃபிங்டன் போஸ்ட் செய்தித் தளத்தில் அந்தப் பேச்சு வெளியானது. 22ஆம் தேதி பிரைமரியில், அதாவது ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், ஹிலாரிக்கு 9 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

கணக்கன்:
அந்த 9 புள்ளிக்குப் பேச்சுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மார்ச் 4 அன்று ஓஹியோவிலும் இடைவெளி ஏறக்குறைய 9தான். அப்போது இந்தப் பேச்சே இல்லை. இரண்டும் பழைய ஆலைத் தொழிலாளர் மாநிலங்கள். டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிக்கும் பிரதிநிதி) கணக்கையும் பாருங்கள்: பென்சில்வேனியாவின் 158இல் ஹிலாரிக்கு 85, ஒபாமாவுக்கு 73. வாக்கு விகிதப்படி பிரிப்பதால் நிகர நஷ்டம் வெறும் 12.

வடகரை:
ஓஹியோவுக்குப் பிறகு ஏழு வாரம் இருந்தது. டிவி விளம்பரத்தில் ஒபாமா ஹிலாரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொட்டினார். ஏப்ரல் தொடக்கத்தில் கணிப்புகளில் இடைவெளி குறைந்தும் வந்தது. அப்படியிருந்தும் ஏன் அதே 9இல் வந்து நின்றது?

சொல்லடுக்கு:
'கசப்பு' அல்ல, 'பிடித்துக்கொள்கிறார்கள்' என்ற வினைதான் வினை. சர்ச்சுக்குப் போகிறவருக்கு நம்பிக்கை பாட்டன் காலத்திலிருந்து வருவது. ஆலை மூடியதால் வந்த ஆறுதல் இல்லை. அதை வெறுப்போடு ஒரே வரிசையில் அடுக்கிவிட்டார். அதுவும் பணக்கார நன்கொடையாளர்கள் முன்னால், 'அவர்கள்' என்று.

திருத்தமும் பிசகியது. 11ஆம் தேதி இரவு இண்டியானாவின் டெர்ரே ஹோட்டில், மக்களுக்குக் கசப்பு இருப்பது உண்மைதானே என்று வாதாடினார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் அது. சரியாகச் சொல்லவில்லை என்று மறுநாள் மன்சியில் ஒப்புக்கொள்வதற்குள் 'மேட்டுக்குடிக்காரர்' முத்திரை விழுந்துவிட்டது. 16ஆம் தேதி பிலடெல்பியா விவாதத்திலும் அதே கேள்வி. வாக்குப்பதிவுக்கு முந்தைய பத்து நாளில் பெரும்பகுதி விளக்கத்திலேயே கரைந்தது.

கணக்கன்:
திருத்தம் பிசகியது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காயம் அவ்வளவு ஆழம் என்றால் மே 6 அன்று இண்டியானாவில் தெரிந்திருக்க வேண்டும். அங்கே தோற்றது ஒரு புள்ளிச் சொச்சத்தில். அதே நாள் வடக்கு கரோலினாவில் 14 புள்ளிக்கு மேல் ஜெயித்தார்.

வடகரை:
இண்டியானா அவருடைய இல்லினாய்ஸுக்குப் பக்கத்து மாநிலம். வடமேற்கு மூலை சிகாகோ டிவி பார்க்கிற பகுதி, அவரை வருடக்கணக்காகத் தெரிந்த ஊர்கள். அதை வைத்துப் பென்சில்வேனியாவை அளக்க முடியாது. நீங்களே எடுத்த ஓஹியோதான் சரியான ஒப்பீடு. ஏழு வாரமும் அவ்வளவு பணமும் ஒரு புள்ளிகூட வாங்கித் தரவில்லையே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.