பல்கலைக்கழகப் பழைய ஆய்வு நூலின் மறுபதிப்பு: எங்கே தொடங்குவது?

பதிப்புத்துறை உதவியாளர்:
எங்கள் பல்கலைக்கழகம் 1990களில் போட்ட ஆய்வு நூல் தீர்ந்துவிட்டது. டெமி 1/8 அளவு, 200 பக்கம். டாம் என்ற பழைய தமிழ் எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்பு இருக்கிறது. 300 படி போதும். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பிழைதிருத்தி:
யூனிகோடுக்கு மாற்றுங்கள், ஆனால் மாற்றி மென்பொருளை நம்பிக் கண்ணை மூடாதீர்கள். அந்தக் காலத்தில் துணைக்காலுக்குப் (‘ா’) பதில் ‘ர’ அடிப்பது சகஜம். தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றினால் ‘கொடி’ ‘கெரடி’ ஆகிவிடும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ தனித்தனியாக இருக்கும். இவற்றைத் தேடித் திருத்திய பிறகே மெய்ப்பு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். சொல்லடைவைக் கடைசியில் புதிதாகத் தயாரியுங்கள். பழைய பக்க எண்ணோடு விடுவதற்கு, இல்லாமலே இருக்கலாம்.

அச்சகக்காரர்:
ஒரே தாளாக அச்சாகி மடிக்கப்படும் தொகுதிதான் பாரம். 16 பக்கப் பாரத்தில் 200 என்றால் பன்னிரண்டரை. 208 ஆக்கினால் சரியாக 13 பாரம்; மிச்சத்தில் துறையின் நூற்பட்டியல் போடலாம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் போதும். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஈரக்காற்றில் பக்கம் நெளியும், ஒட்டு விடும். நூலகத்துக்குப் போகிற நூலுக்கு வெறும் பசை பைண்டிங் ஆகாது. பாரம் தைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

நூலகர்:
ஒன்று விட்டுப்போச்சு. பாடம் மாறாத மறுஅச்சுக்குப் பழைய ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச அடையாள எண்) போதும். திருத்திய பதிப்புக்குப் புதிது வாங்குங்கள். அப்படியானால், நூல்களைப் பொது நூலகங்களுக்கு அனுப்பும் 1954 சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் படி போக வேண்டும்.