பயோடேட்டாவில் அனுபவத்தை எப்படி எழுதுவது?

முதுநகர்க்காரன்: கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனி ஆபரேட்டர் நான். புதுச்சேரியில் மருந்து கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறேன். ரசாயன வினை நடக்கும் கலனான ரியாக்டரில்தான் வேலை. ‘ரியாக்டர் பார்த்துக்கொண்டேன்’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை. அப்பாவுக்காக வீட்டில் இருந்த காலத்தை மறைக்கலாமா?

வில்லியனூர் எச்.ஆர்.: தம்பி, ‘பார்த்துக்கொண்டேன்’ என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. ரியாக்டர் எத்தனை கிலோலிட்டர், கிளாஸ்லைன்டா (உள்ளே கண்ணாடிப் பூச்சு) எஸ்.எஸ்.ஸா (துருப்பிடிக்காத எஃகு), என்ன ரியாக்‌ஷன், ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேட்ச் (ஒரே தடவையில் தயாராகும் தொகுதி), இதையெல்லாம் எழுதுங்கள். ஒவ்வொரு பேட்சும் எப்படித் தயாரானது என்று பதியும் பேட்ச் ரெக்கார்டை நீங்களே நிரப்பியிருந்தால் அதுதான் முதல் வரி. மருந்து கம்பெனியில் ஜி.எம்.பி.க்கு, அதாவது தரமான தயாரிப்புக்கான விதிமுறைகளுக்கு, உயிரே அந்தத் தாள்தான். ‘கடின உழைப்பாளி’ எல்லாம் வேண்டாம், எல்லோரும் எழுதுகிறார்கள்.

மஞ்சக்குப்பம்: வீட்டில் இருந்த காலத்தை மறைக்காதீங்க. பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். ‘குடும்பக் காரணம்’ போதும்.

முதுநகர்க்காரன்: சரிங்க. ரெக்கார்டு தினமும் நான்தான் எழுதுவேன், அதைச் சொல்லணும் என்றே தோன்றவில்லை.