கேள்வி ஞானத்தில் பியானோ: உங்களுக்கு எப்படிப் பிடிபட்டது?

நொட்டேஷன் படிக்கத் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் பாட்டை ஓடவிட்டு, கூடவே கட்டைகளைத் தட்டித் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு வாயால் முனகிப் பார்த்த அன்றுதான் வழி கிடைத்தது. முனகலில் பிசகாமல் வரும் சுரத்தைக் கையும் தேடிப் பிடித்துவிடுகிறது. வாயில் தெளிவாக வராத இடம் கட்டையிலும் வராது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது ஸ எங்கே என்று தேடுவது. பாட்டு எந்தச் சுரத்தில் வந்து உட்கார்ந்தால் முடிந்துவிட்டது என்று மனசு ஒப்புக்கொள்கிறதோ, பெரும்பாலும் அதுதான் ஸ. அது கிடைத்துவிட்டால் 88 கட்டைகளும் மிரட்டாது. அதே 12 சுரங்கள்தானே திரும்பத் திரும்ப வருகின்றன!

நான் மாட்டிக்கொண்டது ஒரு தாலாட்டில். வெள்ளைக் கட்டைகளுக்கு சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்று வரிசையாகப் பெயர். அதில் சி-யை ஸ-வாக வைத்தபோது வெள்ளைக் கட்டையிலேயே முழுசாக வந்தது. கூடவே பாட அந்த ஸ்ருதி தோதுப்படாததால் எஃப்-க்கு ஏற்றினேன். ஸ, ரி, க வரை சரி. ம வரும்போதெல்லாம் இடித்தது. விரலில்தான் தப்பு என்று வெகுநேரம் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைசியில் வெள்ளை பி-யை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் இருக்கும் கருப்புக் கட்டையை மெதுவாக அழுத்தினேன். ம வந்துவிட்டது! அந்தத் தாலாட்டின் ராகமான சங்கராபரணத்தில் க-வுக்கும் ம-வுக்கும் அரைப்படிதான், அதாவது கருப்பையும் சேர்த்து எண்ணினால் ஒட்டியிருக்கும் அடுத்த கட்டை. க-வாக இருந்த ஏ-யிலிருந்து பி முழுப்படி, அதாவது இரண்டு அரைப்படி, தள்ளி இருக்கிறது. அன்றைக்கே மற்ற ஸ்ருதிகளிலும் உட்கார்ந்து படிகளை எண்ணிப் பார்த்தேன்.

* * *

நீங்கள் சொன்ன ம விஷயத்தில் நானும் திண்டாடியிருக்கிறேன். இடது கை பற்றி நான் சேர்க்கிறேன்.

சி-ஈ-ஜி, எஃப்-ஏ-சி, ஜி-பி-டி. இந்த மூன்று கார்டுகளுக்குள் (கார்டு என்றால் ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் சுரங்கள்) ஏழு வெள்ளைக் கட்டைகளும் அடக்கம். அதனால் சி ஸ்ருதியில் எளிமையான பாட்டு என்றால், தாளம் அழுத்தமாக விழும் இடத்தில் வலது கை எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். அந்தச் சுரம் உள்ள கார்டை இடது கையில் பிடிப்பேன். ஸ-வும் ப-வும் மட்டும் இரண்டிரண்டு கார்டுகளில் வரும். அங்கே இரண்டையும் வாசித்து, எது ஒட்டுகிறது என்று காதைத்தான் கேட்க வேண்டும். அப்படியும் தீராவிட்டால் ஹெட்ஃபோனில் பாஸை, அதாவது அடியில் கேட்கும் கனமான சுரத்தை, மட்டும் கவனித்து முனகுங்கள். கார்டின் பெயர் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

* * *

ஒரு சோகப் பாட்டுக்கு சி மேஜர் கார்டு (சி-ஈ-ஜி) ஒட்டவே இல்லை. நடுவிரலை ஈ-யிலிருந்து அரைப்படி இறக்கினேன், அறையே இருண்ட மாதிரி இருந்தது. மேஜருக்கும் மைனருக்கும் நடுவே ஒரு விரல்தான் இருக்கிறது என்று அன்றுதான் உணர்ந்தேன். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு விரலை மாற்றி மாற்றிக் கேட்பேன்.

மூன்று சுரங்களோடு நான்காவதாக ஒன்று சேரும் செவன்த் கார்டுகள்தான் இன்னும் காதுக்குப் பிடிபடவில்லை. பிடித்தவர்கள் எப்படிப் பழகினீர்கள்?