ரயர் காற்று லைற் ரீசெட் செய்தும் திரும்பத் திரும்ப வருது

உவர்மலை சிவிக்

வணக்கம். யூகேயிலிருந்து இறக்கின 2018 ஹொண்டா சிவிக் கார், 1.0 ரேர்போ. முன் ரயர் இரண்டும் புதிசு போட்டு, பெற்றோல் செட்டில் நாலுக்கும் 33 பீஎஸ்ஐ பார்த்து, ஸ்கிரீனில் ரீசெட் கொடுத்தது. மூன்றாம் நாள் மஞ்சள் லைற். காற்றடிச்சு மறுபடி ரீசெட். அதுவும் மூன்று நாள்தான். ரயர் கடையில் வால்வு சென்சர் பழுது, மாத்த வேணும் எண்டு சொல்லுகினம். மாத்தத்தான் வேணுமா, இல்லாட்டி ரீசெட்டில் பிழை விடுறனா?

கன்னியா வீதி

சென்சருக்குக் காசு குடுக்காதேங்கோ. உங்கட சிவிக்கில் ரயருக்குள்ள சென்சரே கிடையாது. ஏபிஎஸ்ஸுக்காக (பிறேக் பிடிக்கேக்க சில்லு பூட்டாமல் பாக்கிற அமைப்பு) ஒவ்வொரு சில்லிலும் இருக்கிற வேக சென்சரை வைச்சுத்தான் அது கணக்குப் போடுது. காற்றிறங்கின சில்லின் ஆரம் கொஞ்சம் சுருங்கும். அதே தூரத்துக்கு மற்றச் சில்லுகளைவிடக் கூடச் சுத்தும். அந்த வித்தியாசம் கண்டால் லைற் வரும்.

அதனாலே ரீசெட் அமத்தும்போது "இப்ப உள்ளதுதான் சரி" எண்டு வாகனத்துக்குப் படிப்பிக்கிறீங்கள். ஒரு ரயரில் 26 இருந்தாலும் அதையே சரியெண்டு எடுத்துக்கொள்ளும். முதல் காற்று, பிறகுதான் ரீசெட்.

செய்யிற முறை: வாகனம் முழுக்க நிண்டிருக்க வேணும், ஓட்டோமற்றிக் எண்டால் கியர் பீயில், இக்னிஷன் ஓன். செட்டிங்ஸ், வெஹிக்கிள், அதுக்குள்ள ரயர் காற்றுக்கான கலிபிரேட், அதுதான் நீங்கள் சொல்லுற ரீசெட். அமத்தின உடனே வேலை முடிஞ்சதெண்டு நினைக்கிறதுதான் கனபேர் விடுற பிழை. அதுக்குப் பிறகு மொத்தம் 30 நிமிஷமளவு சீரான வேகத்தில் ஓடினால்தான் படிச்சு முடிக்கும். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடின நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கோ. உள்துறைமுக வீதியில் நிண்டு நிண்டு ஓடுறது சேராது. கந்தளாய் மட்டும் 60இல் ஒருக்காப் போனால் காணும். ஒரே ஓட்டமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, விட்டு விட்டு ஓடினாலும் நேரம் கூடிக்கொண்டு போகும்.

சீனக்குடா ரயர்

மேலே சொன்னது சரி. நான் கேட்கிறது வேறு: அந்த 33ஐ எத்தனை மணிக்குப் பார்த்தீங்கள்?

கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு ஆறின ரயருக்கானது. வாகனம் மூன்று மணித்தியாலமாவது நிண்டிருக்க வேணும், ஓடியிருந்தாலும் ஒன்றரைக் கிலோமீற்றருக்குள். எங்கட மத்தியான வெயிலில் ஓடி வந்த ரயருக்குள்ள காற்று 50 பாகையைத் தொடும். அந்தச் சூட்டில் 33க்கு இறக்கினால், விடிய 27 பாகையில் அதே ரயர் 29½ தான் காட்டும். ஏறத்தாழ 6 பாகைக்கு ஒரு பீஎஸ்ஐ எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. சூடான ரயரில் காற்றை இறக்கவே கூடாது.

நாளைக்கு விடிய, வாகனத்தை எடுக்க முன்னம், சொந்த கேஜால் நாலையும் பார்த்து இங்க எழுதுங்கோ.

உவர்மலை சிவிக்

பார்த்தது பின்னேரம் மூன்று மணிக்கு, கந்தளாயால வந்த கையோட. இண்டைக்கு விடிய: முன் வலது 29, பின் இரண்டும் 29, முன் இடது 24.

சீனக்குடா ரயர்

அப்ப இரண்டு சங்கதி. மூன்று ரயர் 29 காட்டுறது சூட்டுக் கணக்கு. முன் இடது கசியுது, லைற் சரியாகத்தான் வேலை செய்யுது.

நாலையும் 33க்கு ஏத்திப்போட்டுச் சவர்க்காரத் தண்ணி பூசுங்கோ. முதலில் வால்வு வாய். மூடியைக் கழட்டி ஒரு சொட்டு விட்டால் குமிழ் எழும்பும். பிறகு வால்வின் அடி, பிறகு ரயரின் மேற்பரப்பு. அதிலெல்லாம் ஒண்டும் இல்லையெண்டால் றிம் விளிம்பு. புது ரயர் போட்ட உடனே தொடங்கின கசிவுக்கு என்ர சந்தேகம் அங்கதான். உப்புக் காற்றில் அலோய் றிம்மின் உள் விளிம்பு வெள்ளைத் தூளாகப் பொரிஞ்சு, மேல் பெயின்ற் செதிலாகக் கிளம்பும். அதைச் சுத்தம் செய்யாமல் ரயரை ஏத்தினால் றப்பர் படியாது. இரண்டு மூன்று குமிழ் அல்ல, சோப்பு நுரை மாதிரிப் பொடிக் குமிழ் வரிசையாக மெல்ல எழும்பும், ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கோ.

ரயரை இறக்கி, கம்பித் தூரிகையால் வெறும் உலோகம் தெரியுமட்டும் உரஞ்சி, பீட் சீலர் (ரயர் விளிம்பு றிம்மோட படியிற இடத்தை அடைக்கிற பசை) பூசி ஏத்தச் சொல்லுங்கோ. பின்னுக்கு பழைய ரயர்தானே, அதாலும் கலிபிரேஷன் புதிசாகச் செய்யத்தான் வேணும். ரயரை இடம் மாத்தினாலும் அப்படித்தான்.

நிலாவெளி 315

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கு: உங்கட வாகனத்தில் உண்மையிலேயே ரயருக்குள்ள சென்சர் இருந்தால் கதை வேறு. இக்னிஷன் போட்டதும் லைற் ஒரு நிமிஷமளவு சிமிட்டிப் பிறகு நிலையாக எரிஞ்சால் காற்றுக் குறை இல்லை, சிஸ்ரத்தில் கோளாறு. அனேகமாகச் சென்சர் பற்றரி. 5 தொடக்கம் 10 வருஷம் வரும், தனியாக மாத்தேலாது. புதிசு வாங்கேக்க சென்சர் சிக்னல் அனுப்புற அலைவரிசை பாருங்கோ. ஜப்பான் சந்தை வாகனங்களுக்கு அனேகமாக 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பிய வாகனங்களுக்கு 433. பிழையானதைப் பூட்டினால் எத்தனை தரம் ரீசெட் அமத்தினாலும் வாகனத்துக்குக் கேட்காது. சில வாகனங்களில் புதுச் சென்சரின் இலக்கத்தை ஸ்கானரால் பதியவும் வேணும்.

இன்னொண்டு, கடற்கரைப் பக்கம் இது முக்கியம். அந்தச் சென்சர்களின் உலோக வால்வு அலுமினியம். வால்வுக்குள்ள பித்தளை ஊசியோ மேலே உலோக மூடியோ போட்டால் உப்பில் இறுகிப் பிடிக்கும். குறட்டால் திருகினால் வால்வே முறிஞ்சு காற்று முழுக்கப் போயிடும், சென்சரும் பழுதாகும். நிக்கல் பூசின வெள்ளி நிற ஊசியும், உள்ளுக்குள்ள றப்பர் வளையம் உள்ள பிளாஸ்ரிக் மூடியும் போடுங்கோ. வால்வு நட்டுக்குப் பொதுவாக 4 தொடக்கம் 8 நியூற்றன் மீற்றர்தான். காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதேங்கோ.