பெரியப்பாவ காட்டி "இவரு யாரு"ன்னு கேட்ட பெரியம்மா

எங்க பெரியம்மா வீடு கடலூர் முதுநகர். மறதி நோய் வந்து கொஞ்ச நாள் கழிச்சு என்னைய அடுப்படிக்கு கூப்ட்டு, "கூடத்துல உக்காந்திருக்காரே, அச்சு அசலா உங்க பெரியப்பா மாதிரியே இருக்காரு, ஆனா அவரு இல்லடி"ன்னாங்க. மச்சம், கண்ணாடி எல்லாம் சரியா சொல்றாங்க, அதனால ஆள மறந்துட்டாங்கன்னும் சொல்ல முடியாது. விருந்தாளிக்கு மாதிரி இல போட்டு சோறு வைப்பாங்க, ஆனா வஞ்சிர வறுவல்ல நல்ல நடுத்துண்டா எடுத்து கிண்ணத்துல மூடி வச்சிருவாங்க, "அவரு வந்தா கேப்பாரு". பெரியப்பா அதப் பாத்துட்டு பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுட்டாரு.

இதே பெரியப்பா கடைலேர்ந்து போன் பண்ணா மட்டும் "ஏங்க, எப்ப வருவீங்க, வீட்டுல யாரோ வந்து உக்காந்திருக்காங்க"ன்னு அவருகிட்டயே சொல்வாங்க!

சொந்தத்துல செய்வினைன்னாங்க. பாண்டில ஒரு நரம்பு டாக்டர்தான் இது காப்கிரா சிண்ட்ரோம், 1923லயே பிரான்ஸ்ல அந்தப் பேரு கொண்ட டாக்டர் எழுதி வச்சதுன்னு சொன்னாரு. முகத்த அடையாளம் பிடிக்கிற வழி நல்லாத்தான் இருக்காம், பாத்த உடனே நம்மாளுன்னு உள்ள ஒரு பாசம் எழும்புதே, அந்த வழி அறுந்துபோச்சாம். நம்ம தமிழ்நாட்டுக்காரர், மூளை ஆராய்ச்சி பண்ற வி.எஸ். ராமச்சந்திரன் ஆக்சிடென்ட்ல தலைல அடிபட்ட ஒரு பையனுக்கு டெஸ்ட் பண்ணாராம், பாசம் எழும்பினா தோல்ல லேசா வேர்வ மாறுமாம், பெத்தவங்க போட்டோவ காட்டினாலும் அவனுக்கு அது மாறல, ஆனா போன்ல பேசினா அம்மான்னு தெரியுது. காதுக்கு வேற வழி போல.

என்னைய உலுக்குனது என்னன்னா, பெரியம்மா பொய் சொல்லல. முகம் அவருதான், மனசு ஒண்ணும் சொல்லல, அப்ப இது வேற ஆளுதான்னு அவங்க மூளையே ஒரு நியாயம் கண்டுபிடிச்சிருக்கு. நாமளும் அப்பிடித்தானே எல்லாரையும் நம்புறோம்?

— பதில், முத்தியால்பேட்டைலேர்ந்து:

அக்கா, எங்க மாமாவுக்கு ஸ்ட்ரோக்ல இடது கை விழுந்துடுச்சு. தூக்குங்கன்னா "தூக்கிட்டேனே"ம்பாரு, கை பெட்ல அப்பிடியே கெடக்கும். பிடிவாதம்னு அத்த அழுதாங்க, 1914லயே பாபின்ஸ்கின்னு ஒருத்தர் இதுக்குப் பேரு வச்சிருக்காரு, அனோசோக்னோசியா, வலது பக்க மூளை அடிபட்டா வர்றது. கொஞ்ச வாரத்துல தானா தெளிஞ்சுட்டாரு. உங்க வீட்ல எப்பிடிக்கா சமாளிக்கிறீங்க?

— தம்பி, வாதாடவே கூடாதுப்பா, பயம்தான் ஜாஸ்தியாவுது. பெரியப்பா இப்ப தெருவுலேர்ந்தே "இந்தாம்மா, நாந்தான் வரேன்"னு குரல் குடுத்துட்டுத்தான் உள்ள வர்றாரு. குரல் முன்னாடி வந்துட்டா பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க.