மார்கழியில் ரோட்டோரத்தை ஜேசிபி வைத்து வழித்துவிடுகிறார்கள், கிராம சபையில் என்ன கேட்கலாம்?

கிளுவைவேலி:
காங்கயம் பக்கம் எங்கள் ஊர். ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற தடம் முன்பு இட்டேரியாக, அதாவது இரண்டு பக்கமும் வேலி போட்ட மண் வழியாக இருந்தது, இப்போது தார் ரோடு. ஒரு பக்கம் கிளுவை வேலி போய் கம்பிவேலி வந்துவிட்டது. இன்னொரு பக்கம் பழைய வேலி அப்படியே நிற்கிறது, அதற்கும் தாருக்கும் நடுவே நல்ல அகலமாக மண் ஓரம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த ஓரம் முழுக்க ஆவாரை, சிறுபூளை, தும்பை, கொழுக்கட்டைப்புல், வேலி மேலே சங்குப்பூவும் பிரண்டையும் கண்வலிக்கிழங்குக் கொடியும். பூச்சியும் குருவியும் சொல்லி முடியாது.

மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஜேசிபியைக் கொண்டுவந்து செம்மண் தெரியும்வரை வழித்துவிடுகிறார்கள். அப்புறம் பொங்கலுக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம், இதைவிடக் கேலிக்கூத்து உண்டா? அடுத்த மழைக்கு அந்த இடத்தில் முளைப்பது பாதிக்கு மேல் பார்த்தீனியக் களை.

ஜனவரி 26 கிராம சபையில் இதைப் பேசலாம் என்று இருக்கிறேன். "வெட்டாதே" என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். என்ன கேட்டால் நடக்கும்? இன்னொன்று, ஆன்லைனில் காட்டுப்பூ விதைக் கலவை என்று பாக்கெட் விற்கிறார்கள், அதை வாங்கித் தூவலாமா?

ரோடுகாரர்:
முதலில் அது யார் ரோடு என்று பாருங்கள். ஊராட்சி ரோடா, ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத்துறை கையில் இருக்கிற இதர மாவட்டச் சாலையா. துறை ரோடு என்றால் கிராம சபைத் தீர்மானம் மட்டும் போதாது, அதன் நகலோடு துறையின் ஏஇ-யை (உதவிப் பொறியாளரை) போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, அவர்கள் ஏன் வழிக்கிறார்கள் என்பதற்குப் பொங்கல் மட்டும் காரணம் இல்லை. ஓரத்து மண்ணை நாங்கள் பெர்ம் என்போம். புல்லும் செடியும் மண்ணைப் பிடித்துப் பிடித்து பெர்ம் தாரைவிட உயர்ந்துவிட்டால் மழைத் தண்ணீர் வடியாமல் தார் மேலேயே நிற்கும், தண்ணீர் நின்ற தார் சீக்கிரம் பெயரும். அது நிஜமான பிரச்சினை, அதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் அதற்கு முழு ஓரத்தையும் வழிக்க வேண்டியதே இல்லை. தாரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்தைச் சீராக்கி, தண்ணீர் வெளியேற இடைவெளி விட்டு விட்டு வாய் வெட்டினால் போதும். மொத்தமாக வழித்த பெர்ம் முதல் பெருமழையிலேயே அரித்துப் போகும், தாரின் ஓரம் அந்தரத்தில் நிற்கும், அதன் மேல் ஒரு லாரி சக்கரம் ஏறினால் முடிந்தது. கொழுக்கட்டைப்புல் வேர் பிடித்த பெர்ம் அப்படிப் போகாது. பொறியாளரிடம் பூ, வண்ணத்துப்பூச்சி என்று ஆரம்பிக்காமல் இதிலிருந்து ஆரம்பியுங்கள், காது கொடுப்பார்.

வளைவு இருக்கிற இடத்தில் மட்டும் விட்டுக்கொடுங்கள். வளைவின் உள்பக்கம் எதிரே வருகிற வண்டி தெரிய வேண்டும், அங்கே ஆவாரை ஆள் உயரம் நிற்பது உயிருக்கு ஆபத்து.

எருக்கம்பூ:
பார்த்தீனியத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அது கிளறிய மண்ணை, வெறும் மண்ணைத் தேடி வருகிற செடி. புல்லும் ஆவாரையும் நெருக்கமாக நிற்கிற இடத்தில் அதற்கு முளைக்க வழி கிடைப்பது கஷ்டம். ஜேசிபி வாளி அந்த இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது, போதாததற்கு ஒரு ஊர் ரோட்டில் ஒட்டிய மண்ணையும் விதையையும் அடுத்த ஊருக்கும் கொண்டுபோகிறது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டது இன்று நாடு முழுக்க இருக்கிறது. அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-இல் பெங்களூரில் கொண்டுவந்து விட்டார்கள், மழைக்காலத்தில் சில இடங்களில் இலையைச் சல்லடையாக்குகிறது, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்னால், கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதுதான் வழி. தோல் அலர்ஜி, மூச்சிரைப்பு இருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம். களைக்கொல்லி அடிக்க மட்டும் விட்டுவிடாதீர்கள், பார்த்தீனியத்தோடு மற்றதும் செத்து, மறுபடி வெறும் மண்தான் மிஞ்சும்.

ஆக, கேட்க வேண்டியது "வெட்டாதே" இல்லை, "சுரண்டாதே". வெட்டட்டும், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டட்டும், அதையும் மாசிக்கு அப்புறம் வெட்டட்டும். ஐப்பசி கார்த்திகையில் முளைத்தவை பூத்து, காய்த்து, விதை உதிர்க்க அவ்வளவு நாள் ஆகும். மார்கழியில் வழித்தால் விதை விழும் முன்பே போய்விடுகிறது, வருடா வருடம் இப்படியே போனால் மண்ணில் இருக்கிற விதையும் குறைந்துகொண்டே போகும்.

பாக்கெட் விதை வேண்டவே வேண்டாம். நான் பார்த்த பாக்கெட்டுகளில் பெரும்பாலும் காஸ்மாஸ், ஜின்னியா வகைதான், மெக்சிகோ பக்கத்துச் செடிகள். பூ இருக்கும், தேனீ வந்து தேன் குடிக்கும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கள் பெரும்பாலானவற்றுக்கு அதில் சோறு கிடையாது. வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி வேறு கணக்கு. ஆவாரையில் மஞ்சள் கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், எருக்கில் வெந்தய நிற வரியன், ஆடுதின்னாப்பாளையில் சிவப்பு உடம்புள்ள ரோஜா அழகிகள். அந்தச் செடி இல்லை என்றால் அந்தப் பூச்சி இல்லை. விதை தூவியே ஆக வேண்டும் என்றால் தையில் உங்கள் வேலியோரத்து ஆவாரங்காயையே பறித்து வைத்து, வழித்துப்போன இடத்தில் ஆடி ஆவணியில் போடுங்கள்.

டார்செட்வாசி:
நான் இருப்பது இங்கிலாந்தில், இங்கே இது பெரிய பேச்சு. 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டது, மிஞ்சிய செடிகளுக்கு ரோட்டோரம்தான் அடைக்கலம். நாட்டின் ரோட்டோரங்களில் மட்டும் 700க்கு மேற்பட்ட காட்டுப்பூ வகைகள் இருப்பதாகக் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் பல ரோடுகளில் வெட்டும் தடவையைக் குறைத்து, வெட்டிய புல்லை அங்கேயே போடாமல் அள்ளிக்கொண்டு போகிறார்கள். புல் அங்கேயே மக்கினால் மண் கொழுத்து, முரட்டுப் புல் மட்டும் வளர்ந்து பூச்செடியை அமுக்கிவிடும். 2011-இல் திறந்த வெய்மத் புறவழிச் சாலையில் வளமான மேல்மண்ணைக் கொட்டாமல் சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண்ணோடு விட்டு விதைத்தார்கள், அரிதான சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகூட அங்கே வந்து குடியேறிவிட்டது.

இதை அப்படியே அங்கே தூக்கி வைக்க முடியாது, உங்கள் மண் ஏற்கெனவே மெலிந்த மண், அள்ளும் வேலையை ஆடு மாடு பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்கேயும் ஆரம்பத்தில் "கவுன்சில் சோம்பேறி, புதர் மண்டிக் கிடக்கிறது" என்று ஏகப்பட்ட புகார். தாரை ஒட்டி ஒரு பட்டை மட்டும் நேராகக் குட்டையாக வெட்டி, பின்னால் உள்ளதை விட்டார்கள், புகார் குறைந்தது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

வெள்ளகோவில் அம்மணி:
எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள், பாம்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் பெண் சாயங்காலம் டியூஷன் முடித்து அந்த மாதிரி ரோட்டில்தான் சைக்கிளில் வருகிறாள். எங்கள் பக்கம் சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் இரண்டும் உண்டு. எதிரே வண்டி வந்தால் ஓரத்தில் இறங்கித்தானே ஆக வேண்டும்? ஊர்க்காரர்கள் ஜேசிபி கேட்பது பூ மேல் இருக்கிற கோபத்தில் இல்லை.

எருக்கம்பூ:
நியாயம்தான் அக்கா. அதனால்தான் தாரை ஒட்டிய ஒரு மீட்டரும், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், வீடுகள் இருக்கிற பக்கமும் மழைக்காலத்திலேயே குட்டையாக வெட்டியிருக்க வேண்டும், அதில் விவாதமே இல்லை. கூடவே ஒன்று பாருங்கள், ரோட்டோரத்தில் கோழிக்கடைக் கழிவையும் மீந்த சோற்றையும் மூட்டை கட்டி வீசுகிற இடத்தில் எலி பெருகும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். ஜேசிபி வழித்துப்போன மறுவாரமே அங்கே மூட்டை விழுகிறது. அதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ரோட்டில் தெருவிளக்கு இருக்கிறதா?

கிளுவைவேலி:
விளக்கு பாதி எரியாது, அதையும் எழுதிக்கொண்டேன். இப்படிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்: தாரை ஒட்டி ஒரு மீட்டரும் வளைவும் எப்போதும் குட்டையாக இருக்கட்டும். மீதி ஓரத்தை மாசி வரை தொடக் கூடாது, அப்புறமும் ஜேசிபி கூடாது, ஆள் வைத்து அரிவாளிலோ புல்வெட்டும் மிஷினிலோ ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். பழைய கிளுவை வேலிப் பக்கம் கை வைக்கவே கூடாது. பெண்கள் பக்கம் ஆதரவு கிடைக்க காப்புக்கட்டுப் பூவைப் பற்றியும் சொல்வேன். ஒரு சந்தேகம், வெட்டுவதற்குப் பதில் ஆடு மேயவிட்டால் போதாதா? ஊரில் ஆட்டுக்குக் குறைவில்லை.

ரோடுகாரர்:
மாசிக்கு அப்புறம் மேயட்டும், அதற்கு முன்னால் வேண்டாம். வருடம் முழுக்க மேய்ந்தால் ஆடு நல்ல புல்லையெல்லாம் தின்றுவிட்டுப் பார்த்தீனியத்தை மட்டும் விட்டுவைக்கும், மறுபடி ஜேசிபி கதைதான். தீர்மானத்தில் ரோட்டின் பெயரையும் எங்கிருந்து எங்கே வரை என்பதையும் கட்டாயம் போடுங்கள், "ஊர் ரோடுகள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.